தனிப்பட்ட மரபுச்சின்னம்: நான்கு கட்டங்களில் வரைந்திருக்கிறேன், குறை சொல்லுங்கள்

அளவைக்காரன் எழுதியது:

வணக்கம். எனக்கென்று ஒரு மரபுச்சின்னம், அதாவது ஒருவரையோ அவர் குடும்பத்தையோ குறிக்கக் கேடய வடிவில் வரையும் ஐரோப்பிய பாணிச் சின்னம், அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. சென்ற மாதம்தான் அது காகிதத்தில் இறங்கியது. முன்னோரிடமிருந்து எதுவும் வந்து சேராத ஒருவன் புதிதாக வரைந்துகொள்வதை 'மரபு'ச்சின்னம் என்று சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் வழக்கில் இருக்கும் சொல் அதுவே என்பதால் அதையே எழுதுகிறேன். என் நூல்களின் முன்னட்டைக்குள் ஒட்டும் பெயர்ச்சீட்டில் கறுப்பு மையில் அச்சிடுவதும், பிறகு ஒரு முத்திரை மோதிரத்தில் செதுக்கிக்கொள்வதும் என் நோக்கம்.

நான் நில அளவையாளன். இருபத்திரண்டு ஆண்டுகளாக முக்காலியும், அதன்மேல் வைத்துக் கோணம் அளக்கும் தியோடலைட்டுமாக அலைகிறேன். ஓய்வு கிடைத்தால் பறவை பார்க்கப் போவேன். மீன்கொத்தியை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துக் கேடயத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறேன். முதல் கட்டத்தில் நீலத்தின்மீது சிவப்புச் சிங்கம்; அதாவது பற்றுறுதியின்மீது நிற்கும் வீரம். அடுத்ததில் வெள்ளைமீது பொன்னிறத்தில் ஒரு திறந்த நூல். கீழே ஒரு கட்டத்தில் தியோடலைட், அதன் மட்டத்திருகுகள்கூடத் தெரியும்படி. கடைசிக் கட்டத்தில் கிளைமேல் அமர்ந்த மீன்கொத்தி, அதன் இயற்கை வண்ணங்களிலேயே. நடுவில் என் பெயரின் முதலெழுத்து, இருபுறமும் கேடயத்தைத் தாங்கும் இரண்டு குதிரைகள், மேலே தலைக்கவசமும் ஒரு மகுடமும், அடியில் நாடாவில் 'அளந்து அறி' என்ற வாசகம்.

வரைந்து முடித்தபோது பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது ஏனோ பல்பொருள் அங்காடியின் விளம்பரத் தாளைப் போலத் தெரிந்தது. இதில் எங்கே பிழை இருக்கிறது? நிறங்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, எதை நம்புவது? இதை வைத்துக்கொள்ள யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா?

மைத்துளி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுபவள். பெயர்ச்சீட்டுகள் நிறையச் செய்திருக்கிறேன். ஆகவே உங்கள் படத்தைக் கண்ணின் பக்கமிருந்து மட்டும் பார்த்துச் சொல்கிறேன், வரலாற்றுப் பக்கத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் நிறங்கள். மரபுச்சின்னக் கலையில் பொன்னும் வெள்ளியும் 'உலோகங்கள்'. வண்ணமாகத் தீட்டும்போது அவை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் வரும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை 'நிறங்கள்'. உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வரக்கூடாது என்பது இக்கலையின் தலையாய விதி. முகத்தை மறைக்கும் தலைக்கவசத்தோடு குதிரைமேல் வருபவன் யாரென்று தொலைவிலிருந்து அறிவதற்குப் பயன்பட்ட பொருளுக்கு இப்படியொரு விதி இருந்ததில் வியப்பில்லை. நீங்களோ நீலத்தின்மேல் சிவப்பையும் வெள்ளைமேல் பொன்னையும் வைத்து, விதியின் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்த கட்டங்களில் மீறியிருக்கிறீர்கள். படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சிங்கம் ஒரு கறையாகிவிடும். நூல் இருக்கும் இடமே தெரியாது.

அடுத்தது தியோடலைட். கருவியை அப்படியே படியெடுத்தால் அது பொருட்பட்டியலில் வரும் படமாகிவிடும். வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் கேடயத்தில் அவருடைய தந்தை கட்டிய 40 அடித் தொலைநோக்கி சட்டங்கள், தாங்கிகள் உட்பட வரையப்பட்டிருக்கிறது. அந்த மாபெரும் கருவியின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கேடயத்தைச் சிறிய அளவில் பார்ப்பவர் அதைக் கட்டடச் சாரம் என்றுதான் நினைப்பார். இன்னும் நூறாண்டுகள் கழித்து உங்கள் கருவி எப்படி இருக்குமென்று யாருக்குத் தெரியும்? திருகுகளை விட்டுவிட்டு, தொலைவிலிருந்து பார்க்கும்போது உங்கள் தொழிலில் எந்த வடிவம் முதலில் தெரிகிறது என்று யோசியுங்கள். எனக்குத் தெரிவது முக்காலியின் விரிந்த கால்கள்தாம். தலைகீழ் 'வி' போன்ற அந்த வடிவம் இந்தக் கலையில் ஏற்கெனவே இருக்கிறது, செவ்ரான் என்பது அதன் பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கூரையின் கைமரம் என்று பொருள்.

பெயரின் முதலெழுத்தையும் எடுத்துவிடுங்கள். சின்னமே உங்கள் பெயருக்குப் பதிலாக நிற்கத்தான் இருக்கிறது. அதன்மேல் பெயரையும் எழுதுவது ஒளிப்படத்தின் முகத்தில் பெயரை எழுதி ஒட்டுவதைப் போன்றது.

பழஞ்சுவடி எழுதியது:

மைத்துளி அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான்கு கட்டங்களைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். வெவ்வேறு சின்னங்களை நான்கு கட்டங்களில் வைப்பது, வெவ்வேறு குடும்பங்களின் சின்னங்கள் திருமணத்தின் வழியாகவும் வாரிசுரிமையின் வழியாகவும் ஒருவரிடம் வந்து சேர்ந்திருப்பதைக் காட்டும் முறை. காஸ்டில் நாட்டின் கோட்டையும் லியோன் நாட்டின் சிங்கமும் ஸ்பெயினின் கேடயத்தில் அருகருகே வருவது அந்த இரண்டு அரசுகளும் ஒன்றானதனால்தான். உங்கள் படத்தை விவரம் தெரிந்த ஒருவர் பார்த்தால், சிங்கக் குடும்பமும் புத்தகக் குடும்பமும் தியோடலைட் குடும்பமும் உங்கள் முன்னோர்கள் என்று படிப்பார். நீங்கள் எழுத விரும்பியதோ உங்கள் தன்விவரக் குறிப்பு. படம் விளம்பரத் தாளாகத் தோன்றியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நிறப் பொருள்களின் பட்டியல்களைப் பொறுத்தவரை எதையும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் கேடயச் சின்னங்கள் பரம்பரையாக வரத் தொடங்கியபோது சிவப்பு வீரத்தையும் நீலம் பற்றுறுதியையும் குறிக்கும் என்ற பொது அகராதி எதுவும் கிடையாது. அத்தகைய பட்டியல்கள் பிற்கால எழுத்தாளர்கள் தத்தம் விருப்பப்படி கட்டியவை, முரண்படுவதும் அதனால்தான். இடமிருந்து வலமாக ஏறும் ஒரு பட்டை எப்போதும் முறைகேடான பிறப்பைக் குறிக்கும் என்ற பரவலான நம்பிக்கையையும் அப்படியே ஏற்க வேண்டாம். அதற்காக அந்தப் பட்டையைப் பயன்படுத்தியதும் உண்டு, ஆனால் அதைத் தாங்கும் எல்லாக் கேடயங்களுக்கும் அந்தப் பொருள் இல்லை.

அப்படியானால் பொருளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதை வைப்பவர் அந்தச் சின்னத்துக்கு உரியவர். மிகப் பழைய வழி சிலேடை. 1596இல் ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட கேடயத்தில், பொற்புலத்தின்மேல் (புலம் என்றால் கேடயத்தின் பின்னணிப் பரப்பு) செல்லும் ஒரு கறுப்புச் சாய்பட்டையில் ஈட்டி இருக்கிறது. அந்தப் பெயரின் பின்பாதி ஆங்கிலத்தில் ஈட்டியைக் குறிக்கும் சொல். 2011இல், இளவரசர் வில்லியமின் மனைவி கேட் பிறந்த மிடில்டன் குடும்பத்துக்குக் கிடைத்த கேடயத்தை நடுவில் செல்லும் ஒரு கோடு இரண்டாகப் பிரிக்கிறது. 'மிடில்' என்பதற்கு அதுவே விளையாட்டான விளக்கம். அதிலுள்ள பொன் செவ்ரான், பொற்கொல்லர் என்று பொருள்படும், கேட்டின் தாயாருடைய பிறந்தவீட்டுப் பெயரையும், மூன்று ஓக் விதைகள் மூன்று பிள்ளைகளையும் குறிக்கின்றன. இவற்றில் எதுவும் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

இன்னொரு வழி, ஒரு கருத்தை வடிவமாகவே மாற்றிவிடுவது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கதிரியக்கத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் கேடயம். அவர் 1931இல் பிரபுவானபோது அமைத்த அந்தக் கேடயத்தைக் குறுக்கே வெட்டும் இரண்டு வளைகோடுகளும், கதிரியக்கம் காலப்போக்கில் கூடுவதையும் குறைவதையும் காட்டும் வரைபடக் கோடுகளே. இயற்பியல் தெரியாதவருக்கு அது அழகிய பிரிவுக்கோடு; தெரிந்தவருக்கு ஒரு வாழ்நாள் உழைப்பு. ஆய்வுக்கருவி எதையும் அவர் அங்கே வரையவில்லை. இயற்பியலாளர் நீல்ஸ் போர் அவர்களுக்கு 1947இல் டென்மார்க்கின் யானை விருது கிடைத்தபோது தம் கேடயத்துக்கு அவர் தேர்ந்தது கறுப்பும் சிவப்பும் தழுவிய யின்-யாங் என்ற சீன வட்டச் சின்னம். எதிரெதிரானவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகமும் உடன் வைத்தார். ஐசக் நியூட்டனின் கேடயமோ கறுப்புப் புலத்தில் குறுக்காக வைத்த இரண்டு வெள்ளிக் கணைக்கால் எலும்புகள், அவ்வளவுதான். அதில் ஆப்பிள் இல்லை, முப்பட்டகமும் இல்லை. ஒருமுறை பார்த்தவர் அதை மறப்பதில்லை.

எதிர்மாறான எடுத்துக்காட்டுக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைச் சொல்லலாம். 1798இல் நைல் போரில் வென்றதற்காக அவருடைய கேடயத்தின் மேற்பகுதியில் ஒரு மரமும் உருக்குலைந்த கப்பலும் இடிந்த பீரங்கி அரணும் சேர்க்கப்பட்டன. அவர் வென்ற போரை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் கேடயம் பாவம்.

குதிரைகளையும் மகுடத்தையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேடயத்தை இருபுறமும் தாங்கும் உருவங்களை இங்கிலாந்தில் பிரபுக்கள், உயர் விருது பெற்ற வீரர்கள் போன்ற சிலருக்கே தருவார்கள். மகுடமும் பட்டத்தைக் காட்டும் குறி. அவற்றை நீங்களாகச் சூடிக்கொண்டால் பார்ப்பவர் சிரிப்பார். முகமூடி இறக்கிய எளிய இரும்புத் தலைக்கவசம் போதும், அதுவும் வேண்டுமானால்தான்.

வெண்கொக்கு எழுதியது:

நிற விதியை வேதமாக்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன். ஜெருசலேம் அரசின் சின்னம் வெள்ளிப் புலத்தில் பொற்சிலுவைகள், உலோகத்தின்மேல் உலோகம். உலகறிந்த சின்னம்தானே?

சிங்கத்தைப் பொறுத்தவரை நான் அளவைக்காரனுக்கு எதிர்க்கட்சி. 'சின்னம் இல்லாதவன் சிங்கத்தைத் தாங்குவான்' என்று பிரெஞ்சு மொழியில் பழமொழியே உண்டு, அந்த அளவுக்கு அது எங்கும் இருந்தது. இத்தனை ஆயிரம் சிங்கங்களுக்கு நடுவே உங்கள் சிங்கத்தை யார் கண்டுகொள்வார்?

அனுமதி பற்றிய கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். 'உங்கள் குடும்பப் பெயருக்குரிய சின்னம்' என்று விளம்பரம் செய்த ஒரு வணிகரிடம் பணம் கட்டி, மரப்பலகையில் பதித்த கேடயம் ஒன்றை வாங்கினேன். வரவேற்பறையில் மூன்று ஆண்டுகள் தொங்கியது. பிறகுதான் அது எங்கோ வேறொரு கண்டத்தில் வாழ்ந்த, எழுத்துக்கூட்டல் மட்டும் எங்கள் பெயரை ஒத்த ஒருவருடைய சின்னம் என்று தெரிந்தது. சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது; ஒரு பெயர் கொண்ட அனைவருக்கும் பொதுவானதன்று. அந்த வகையில் நீங்கள் புதிதாக வரைவது நான் செய்ததைவிட எவ்வளவோ நேர்மையான செயல்.

மைத்துளி எழுதியது:

ஜெருசலேம் சின்னத்தைப் பற்றி வெண்கொக்கு சொன்னது சரி. ஆனால் அந்த மீறலே அதன் புகழுக்குக் காரணம். பார்ப்பவர் 'இது ஏன் இப்படி?' என்று கேட்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வது பழைய வழக்கம். நம் நண்பரின் சிவப்புச் சிங்கத்தைப் பார்த்து அப்படிக் கேட்க, அது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

அளவைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கட்டைவிரல் சோதனையைச் செய்து பார்த்தேன். சிங்கம் உண்மையாகவே கறையாகிவிட்டது. சிங்கம், நூல், எழுத்து, குதிரைகள், மகுடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நூலை எடுக்கத்தான் மனம் வரவில்லை. ஆனால் நூலுக்குள் ஒட்டப்போகும் சீட்டில் நூலின் படம் எதற்கு என்று மகள் கேட்டாள்; பதில் இல்லை.

எஞ்சியவை முக்காலியும் மீன்கொத்தியும். நீலப் புலத்தில் வெள்ளிச் செவ்ரான் வரைந்து, அதன் அடியில் பறவையைக் கிளையோடு வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, யாரோ கூடாரத்துக்குள் பறவை வளர்ப்பதைப் போல இருந்தது. இயற்கை வண்ணத்தில் தீட்டியதால் நீல முதுகு நீலப் புலத்தில் கரைந்துபோய், வயிறும் அலகும் மட்டும் தனியாகத் தொங்கின.

நேற்று வேலையிடத்தில் முக்காலியை நிறுத்திக் கீழே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோதுதான் விளங்கியது. தரையில் குறித்த புள்ளிக்கு நேர் மேலே கருவி நிற்க வேண்டும் என்பதற்காக, முக்காலியின் நடுவிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிடும் கூர்முனைக் குண்டு அது. காற்றில் ஆடி ஆடி மெல்ல நிலைகொண்டு, புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே முனை நிற்கும் அந்தக் கணத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மீன்கொத்தி நீரில் பாயும்போது தலை கீழாக, சிறகுகளை உடலோடு ஒடுக்கி, அலகை நேர்க்கோடாக நீட்டி இறங்குகிறதே, அதுவும் அதே வடிவம்தான். ஆகவே கிளையை எடுத்துவிட்டு, செவ்ரானின் உச்சிக்கு நேர் கீழே, தூக்குக்குண்டு தொங்கும் இடத்தில், தலைகீழாகப் பாயும் மீன்கொத்தியை வைத்தேன். முழுவதும் பொன்னிறம். 'அளந்து அறி' என்ற வாசகம் இப்போது பறவைக்கும் பொருந்துகிறது. நீரின் ஆழத்தை அளக்காமல் அது பாய்வதில்லை.

இதிலும் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மைத்துளி எழுதியது:

இதைப் படித்ததும் நானே ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. தூக்குக்குண்டு தெரிந்தவருக்கு அது தொழில், தெரியாதவருக்குப் பறவை. பழைய தமிழில் மீன்கொத்தியைச் சிச்சிலி என்பார்கள். அந்தச் சொல்லின் ஓசையிலேயே ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது.

இனிப் படத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மரபுச்சின்னத்தின் மூலவடிவம் படம் இல்லை, அதை விவரிக்கும் வாக்கியம்தான். பிளேசன் என்று அதற்குப் பெயர். அந்த வாக்கியத்தைப் படித்துப் பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரைந்தாலும் பத்தும் உங்கள் சின்னமே. நீலம் எந்த அளவுக்கு ஆழ்ந்த நீலம், இறகுகள் எத்தனை என்பதெல்லாம் ஓவியரின் பாடு. உங்களுடையதை இப்படி எழுதலாம்: 'நீலப் புலம், வெள்ளிச் செவ்ரான், அதன் கீழே தலைகீழாகப் பாயும் பொன் மீன்கொத்தி.' ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிகிறது. உங்கள் முதல் வரைவை இப்படிச் சொல்ல முயன்றிருந்தால் அரைப் பக்கம் ஓடியிருக்கும். பறவையின் மார்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். இந்தக் கலையில் வலம், இடம் என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலமும் இடமும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் உருவங்கள் அவருடைய வலப்பக்கம் நோக்கும், நமக்கு அது இடப்பக்கமாகத் தெரியும்.

கறுப்பு மையில் அச்சிடும்போது நிறங்களைக் கோடுகளால் காட்டும் முறை ஒன்று உண்டு. 1638இல் பெட்ரா சாங்டா என்ற இயேசு சபைத் துறவியின் நூல் வழியாக அது பரவியது. நீலத்துக்குக் கிடைக்கோடுகள், சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறும் வெள்ளை. உங்கள் பெயர்ச்சீட்டில் புலம் முழுவதும் மெல்லிய கிடைக்கோடுகள் வரும். நீர்ப்பரப்பைப் போலவே தோன்றும் என்பது எதிர்பாராத நன்மை. மோதிரத்தில் மட்டும் கோடுகளை விட்டுவிடுங்கள், அந்தச் சிறிய பரப்பில் மெழுகு அடைத்துக்கொள்ளும். முத்திரையைக் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அப்போதுதான் மெழுகில் நேராகப் பதியும்.

பழஞ்சுவடி எழுதியது:

இவ்வளவு எளிய சின்னம் அமைந்ததில் மகிழ்ச்சி, ஆனால் எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. அதே வடிவத்தை வேறொருவர் முன்பே வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் நீலப் புலத்தில் பொற்சாய்பட்டை யாருக்கு உரியது என்று ஸ்க்ரோப், குரோவனர் ஆகிய இரண்டு வீரர்கள் 1385 முதல் வழக்காடினார்கள்; கவிஞர் சாசர்கூடச் சாட்சி சொன்னார். லண்டன் தெரு ஒன்றில் அந்தச் சின்னம் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு ஸ்க்ரோப்பினுடையது என்று தாம் நினைத்ததாகவும், குரோவனர் என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதாகவும் அவர் சொன்ன சாட்சியம் இன்றும் இருக்கிறது. 1390இல் மன்னர் ஸ்க்ரோப்புக்கே உரிமை என்று முடித்து வைத்தார். தோற்ற குரோவனர் அதே நீலப் புலத்தில் ஒரு பொற்கதிர்க்கட்டை வைத்துக்கொண்டார். என் கண்ணுக்கு அதுதான் மேலும் அழகாக இருக்கிறது என்பது வேறு விஷயம். உங்களுடையதில் வெறும் செவ்ரான் மட்டும் இருந்திருந்தால் நானும் எச்சரித்திருப்பேன். பாயும் மீன்கொத்தி அதைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பதிவேடுகளில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரபுச்சின்னங்களுக்குப் பொறுப்பான லார்டு லயன் அலுவலகத்தில் பதியாத சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம். இங்கிலாந்தில் 1484இல் தோன்றிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பு சின்னங்களை முறைப்படி வழங்குகிறது. கனடாவில் 1988 முதல் தனி அமைப்பு இருக்கிறது. இத்தகைய அமைப்போ சட்டமோ இல்லாத இடங்களில் ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொள்ளலாம். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸ், பெயரைப் போலவே சின்னத்தையும் யாரும் ஏற்கலாம், பிறருக்குரியதைக் கவராதவரை, என்று அப்போதே எழுதிவிட்டார்.

அளவைக்காரன் எழுதியது:

பதிவேடுகளில் தேடினேன், செவ்ரானோடு மரங்கொத்தியும் கொக்கும் கிடைத்தன, பாயும் மீன்கொத்தி எங்கும் இல்லை. மார்பு வலப்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம், என்று முடிவு செய்திருக்கிறேன். மோதிரத்தின் முகப்பை அளந்தேன். பதினொரு மில்லிமீட்டர் உயரம், அதில் பறவைக்குக் கிடைப்பது நான்கு மட்டுமே. செதுக்குபவர் இறகுகளை விட்டுவிட்டு அலகை மட்டும் கொஞ்சம் நீளமாக வைக்கலாமா என்று கேட்டார். வாக்கியத்தில் இறகைப் பற்றி எதுவும் இல்லை என்று சொல்லி, வைக்கச் சொல்லிவிட்டேன்.